புல் மாதிரி, ஆனால் புல் இல்லை

நர்சரி வைத்திருப்பவளுக்குப் புழு எதிரி இல்லை, பூஞ்சை எதிரி இல்லை, ராத்திரி வந்து கிழங்கைத் தோண்டுகிற காட்டுப்பன்றிகூட எதிரி இல்லை, "அட, இது புல்லுதானுங்களே!" என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷன்தான் எதிரி.

மாவு விற்கப் போனால் காற்றடிக்கும், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்கள். நான் நீலகிரியில் புல் விற்கிறேன். திரும்பின பக்கமெல்லாம் ஆண்டவன் சும்மா முளைக்க வைத்திருக்கிற ஊரில் அதைச் சட்டியில் வைத்து விற்கிறவளை நாலு பேர் எப்படிப் பார்ப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மதிப்பில்லாத பண்டத்தை விற்றுப் பிழைத்தவர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரு ஜாதி.

நான் விற்பது நிஜப் புல்லும் இல்லை. புல் மாதிரி இலை நீண்டு, கணுக்கால் உயரத்தில் மண்ணைப் போர்த்திக் கிடக்கிற செடிகள். மாண்டோ, லிரியோப், ஸ்பைடர், நீலப்புல் என்று வகை வகையாக இருக்கின்றன. வெட்ட வேண்டாம், மெஷின் ஓட்ட வேண்டாம். குன்னூரிலிருந்து ஊட்டி போகிற வழியில், கேத்திக்கு முன்னால், ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பதினோரு வருஷமாக இதைச் செய்துகொண்டிருந்தேன். அந்த நிலம் என் கையை விட்டுப் போக இருந்த வருஷத்தின் கதைதான் இது.

வாய்க்கொழுப்பு

ஆலயத்துக்கும் என் நர்சரிக்கும் நடுவில் ஒரு மேடு. அதன்மேல் வரிசையாகச் சைப்ரஸ் மரங்கள். அடியில் வெயிலே விழாது. ஒரு பச்சை கிடையாது, வெறும் செம்மண். மழை பெய்தால் அத்தனை சேறும் ஆலயப் படிக்கு வந்துவிடும். வெள்ளைச் சேலை கட்டி வருகிற பெண்கள் ஆராதனை முழுக்கச் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். கமிட்டிச் செயலாளர் தேவசகாயம் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கூட்டத்தில் எழுந்து ஒரு யோசனை சொன்னார். மேட்டுக்குக் கான்கிரீட் பூசிவிடலாம். அப்படியே நர்சரியையும் காலி பண்ணிவிட்டுக் கார் நிறுத்த இடம் போட்டுவிடலாம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மனுஷன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! "கான்கிரீட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க சார். வர்ற ஜனவரிக் கூட்டத்துக்குள்ள அந்த மேட்டைப் பச்சையாக்கிக் காட்டறேன். ஆகலைன்னா நானே சட்டியைத் தூக்கிட்டுப் போயிடறேன்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சொல்லி உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். எங்கே போவேன்? என் வீட்டுக்காரர் ஊர் மேட்டுப்பாளையம். அந்த வெயிலில் என் தாய்ச்செடிகள் ஒரு கோடை தாங்காது. இதைத் தவிர எனக்கு வேறு தொழிலும் தெரியாது. தேவசகாயம் சார் நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மினிட்ஸ் நோட்டில் எழுத வைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஸ்டெல்லாம்மா, அந்த மேட்டுல நான் மூணு தரம் லானுக்கு வெக்கிற கிக்குயூ புல்லு போட்டுத் தோத்தவன், நாலாவதா நீங்க தோக்கறதை நாற்காலி போட்டு உக்காந்து பாக்கறேன்."

மூணு பாத்தி

என் நர்சரியில் எனக்கு ஒரே துணை மாரியாயி அக்கா. சிலோன் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயசில் கப்பலேறி வந்து, இங்கேயும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். என்னிடம் வேலைக்கு வந்த முதல் வாரம், பேசிக்கொண்டே ஒரு பாத்தி அசேலியாப் பூச்செடி நாற்று முழுவதற்கும் நுனியைக் கிள்ளிவிட்டார். கேட்டால், "கை சும்மா இருக்க மாட்டேங்குது புள்ள, என்னா செய்ய" என்றார். அந்த நாற்று பிறகு நன்றாகவே கிளைத்தது.

மேட்டில் மூன்று பாத்தி போட்டுச் சோதனை பார்த்தோம். ஒன்றில் நீலப்புல். பார்க்க அவ்வளவு அழகு. சைப்ரஸ் மரம் சொட்டுகிற ஈரத்தில் இருபதே நாளில் அடி அழுகி, தொட்டால் கையோடு வந்தது. அடுத்ததில் ஸ்பைடர். ஜம்மென்று கிளம்பியது, நான் துள்ளிக் குதிக்காத குறை. "டிசம்பர்ப் பனியில இது கருகிரும், மறந்துட்டியா?" என்று அக்கா ஒரே வார்த்தையில் என்னை உட்கார வைத்தார். மூன்றாவதில் மாண்டோ. அது வளரவும் இல்லை, சாகவும் இல்லை. வைத்தது வைத்தபடி, கரும்பச்சையாக, என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. மெதுவாக ஒரு குத்துச் செடியை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மேலே தூங்குகிற செடி கீழே வேரை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மாரியாயி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"வெரசா வளர்றது வெரசா போயிரும்; இது நம்ம தோட்டத்துக் கணக்கப்புள்ள மாதிரி, ஒரு தடவ உக்காந்திருச்சின்னா எழும்பாது."

வெள்ளிக்கிழமைப் பச்சை

நடுவில் மே மாதச் சீசன். சீசன் வந்தால் ஊட்டியில் பைத்தியம் பிடிக்காத மனுஷன் கிடையாது. ஒரு ஹோம்ஸ்டே முதலாளி செவ்வாய்க்கிழமை காரிலிருந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்களாம், வாசலில் வெறும் மண்ணாக இருக்கிறதாம், அதற்குள் பச்சையாக வேண்டுமாம். இடம் எப்படி என்று கேட்டேன். காலை முழுக்க வெயில், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், ராத்திரி நெருப்பு மூட்டிச் சுற்றி நடனம் ஆடுவார்கள் என்றார்.

செடி விற்கிறவளுக்கு முதல் பாடம், எதை விற்கக் கூடாது என்பது. மிதிபடுகிற இடத்துக்கு என் செடி ஆகாது. அதற்குக் கிக்குயூதான், அதுவும் நட்டு ரெண்டு மாசம் யாரும் மிதிக்காமல் இருந்தால்தான். இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னேன். "மேடம், வெள்ளிக்கிழமை" என்றார். திரும்பவும் சொன்னேன். "வெள்ளிக்கிழமை" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழமைக்குள்ள பச்சை வேணும்னா குன்னூர் மார்க்கெட்டுல பெயின்ட் கடைக்குப் போங்க" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். மனுஷன் போனை எடுத்துக் குறித்துக்கொண்டே கேட்டார்:

"லைட் பச்சையா வாங்கட்டுங்களா, டார்க் பச்சையா?"

மாண்டு போன புல்

மேடு முழுவதற்கும் போட என்னிடம் இருந்த மாண்டோ போதாது. இருந்ததிலும் ஒரு பெரிய பங்கை, சவால் விடுவதற்கு முன்பே, கோத்தகிரிப் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு அன்னூர்க்காரருக்கு ஏற்றி அனுப்பியிருந்தேன். அதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா?

ஆண்டவர் வேறு வழியில் வேலை செய்தார். புதுமனை புகுவிழாவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அன்னூர்க்காரர் அதே வண்டியில் அத்தனை செடியையும் திருப்பிக்கொண்டு வந்து நின்றார். செடியில் குறையா என்று பதறிக் கேட்டேன். செடி தங்கம் என்றார். அப்புறம்? சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள். வாசலில் இது என்ன புல் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் பெருமையாக, "மாண்டோ" என்றிருக்கிறார். சம்பந்தியம்மாவுக்கு அது "மாண்டு" என்று காதில் விழுந்திருக்கிறது. நல்ல காரியம் நடக்கிற வீட்டு வாசலில் மாண்டு போன புல்லா என்று அந்தம்மா படியேறவே மாட்டேன் என்றுவிட்டார்களாம்.

பணம் வேண்டாம், லிரியோப் கொடுங்கள், ஊதாப் பூ பூக்குமாமே என்றார். ரெண்டே நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தேன். உள்ளே எனக்கு அல்லேலூயா பாடவேண்டும் போல இருந்தது. முகத்தை மட்டும் துக்க வீட்டுக்காரி மாதிரி வைத்துக்கொண்டேன். வண்டியில் ஏறப்போனவர் என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் இறங்கி வந்தார்:

"வருத்தப்படாதீங்கம்மிணி, அதுக்கு வாழ்வுப்புல்லுன்னு பேரை மாத்தி வெய்யுங்க, அடுத்த வாரமே வந்து நான் வாங்கிக்கறனுங்க."

சங்கத்தின் தொண்டு

ஜூன் மழை ஆரம்பித்ததும் நானும் அக்காவும் மேடு முழுக்க நட்டு முடித்தோம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குருத்து மண்ணுக்குள் போகக் கூடாது, போனால் அழுகிவிடும். வேர் வெளியே தெரியவும் கூடாது. ஒவ்வொன்றாகக் குனிந்து, விரலால் மண் அணைத்து, பன்னிரண்டு நாள். இடுப்பு எனக்குச் சொந்தமில்லை என்கிற நிலைமை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. அக்கா பேத்தி பிரசவத்துக்கு ஊட்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் காலையில் உரம் ஏற்ற வெளியே போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். மேட்டைப் பார்த்தேன். ஒரு மாண்டோகூட இல்லை! செம்மண், மழித்த தலை மாதிரி. மேட்டின் அடியில், வெயில் படுகிற ஓரத்தில், தேவசகாயம் சார் எப்போதோ போட்ட கிக்குயூ மட்டும் ஒரு இலை கசங்காமல் ஜம்மென்று நிற்கிறது. ஆலயத்துப் பெண்கள் சங்கத்தார் இருபது பேர், ஆலய வளாகத்தைச் சுத்தம் பண்ணும் தொண்டுக்கு வந்தவர்கள், கேட்டோரம் உட்கார்ந்து டீயும் வர்க்கியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் என் செடிகள், வேரோடு, மண் உதறி, அம்பாரமாக.

அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமென்ன, ஓவென்று அழுதேன். அவர்கள் பயந்துவிட்டார்கள். சங்கத் தலைவி ராஜம்மாள், அவரும் முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்தான், ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். அந்தக் கிக்குயூவைத் தேயிலைக்குள் பார்த்தால் களை, பங்களா வாசலில் பார்த்தால் துரையின் லான். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறின பாடம். ஆலயம் என்பது பங்களா மாதிரி இடம் அல்லவா? அதனால் நான் நட்டது அந்த லான்தான் என்று எண்ணி அதைப் பத்திரமாக விட்டுவிட்டு, கோரை என்று நினைத்ததை ஒரு வேர் மிச்சமில்லாமல் சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். ராஜம்மாள் கண்ணெல்லாம் கலங்கிப்போய் என்னிடம் சொன்னார்:

"ஏனுங்க ஸ்டெல்லா, நாங்க பங்களாவுல வேலை பாத்த காலத்துல அந்தக் கிக்குயூ மேல கால் வெச்சாலே திட்டு வுழும்; அதைப் புடுங்கறதுக்கு எங்களுக்குக் கை வருமுங்களா?"

பெரட்டு

சேதி எட்டி மாரியாயி அக்கா அன்றைக்கு மூணு மணிக்கே பஸ் பிடித்து வந்துவிட்டார். பேத்திக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அம்பாரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு குத்தைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஒன்று நாலாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் வேர். "அழுதியா? எதுக்கு அழுத? நம்ம ரெண்டு பேரும் பிரிச்சு எடுக்க ஒரு மாசம் ஆகுற வேலைய இவளுக ஒரு காலையில முடிச்சு வச்சிருக்காளுக" என்றார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அரிவாள் படாமல், வேர் அறுபடாமல், மண் உதறி, நடுவதற்குத் தயாராக இத்தனை செடியை இருபது கைகள் எடுத்து வைத்திருக்கின்றன. மழை தூறிக்கொண்டிருந்ததால் ஒன்றுகூட வாடவில்லை.

அக்கா எழுந்து, தொண்டையைக் கனைத்து, ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள்: "பெரட்டு!" தேயிலைத் தோட்டங்களில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பேர் பெரட்டு. அந்த வார்த்தையைக் கேட்டதுதான் தாமதம், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இருபது பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். எல்லாரும் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமானவர்கள்! ஆளுக்கு ஒரு நெரை. தேயிலையில் ஒருத்திக்கு ஒதுக்குகிற வரிசைக்கு நெரை என்று பேர். என் மேட்டையும் அப்படியே குறுக்குவாட்டில் இருபது நெரையாகப் பிரித்தார் அக்கா. நானும் அவரும் நட்டபோது ஒரு சாண் இடைவெளி. இப்போது நாலு விரல்கூட இல்லை. பேச்சென்ன, பாட்டென்ன, "உன் நெரை கோணுது", "உன் மூஞ்சிதான் கோணுது" என்று கிண்டலென்ன! அன்றைக்குச் சாயங்காலமும் ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகும் சேர்த்து, நாங்கள் பன்னிரண்டு நாள் செய்ததை ஒரு நாள் வேலையில் முடித்தார்கள்.

ஆரம்பத்தில் மட்டும் ஒரு சிக்கல். நட்ட கையோடு அடுத்த செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். நான் கத்தினேன். ராஜம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார்:

"புடுங்கியே பழகுன கைங்க, நடறதுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

குடையும் வழுக்கையும்

அதற்குப் பிறகு தினமும் எனக்கு அதே வேலை. விடிந்ததும் மேட்டைப் போய்ப் பார்ப்பது. முதல் ஆறு மாசம் களை எடுத்தே ஆக வேண்டும். இந்தச் செடி பொறுமைசாலி, சண்டைக்காரி இல்லை, களையோடு போட்டி போடத் தெரியாது. அந்தச் சண்டையை நாம்தான் போட வேண்டும். நெரைக்குச் சொந்தக்காரிகள் சாயங்காலம் நடை போகிற சாக்கில் வந்து, அவரவர் வரிசையில் களை எடுத்துவிட்டு, பக்கத்து வரிசையைக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவசகாயம் சார் ஆராதனை முடிந்து வந்து குடை நுனியால் மேட்டைக் குத்திக் காட்டுவார். "இங்க ஒரு வழுக்கை. அங்க ஒரு வழுக்கை." எனக்கு வாய்வரை வந்தது. அவர் தலையை ஒரு தரம் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். ஜனவரிவரை விழுங்கித்தான் ஆக வேண்டும்.

அக்டோபர் கடைசியில் அடைமழை. நாலு நாள் ரயில் ஓடவில்லை, ரோட்டில் அங்கங்கே மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. நான் தூங்கவில்லை. மேடு இறங்கிவிட்டால் செடியும் போச்சு, நிலமும் போச்சு. ஐந்தாம் நாள் காலை மழை விட்டதும் ஓடினேன். மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, வடிகட்டின மாதிரித் தெளிவாக! மாண்டோ தலை சாய்ந்து கிடந்தது, ஒன்றுகூடப் பெயரவில்லை. ஆலயப் படியில் ஒரு பிடி சேறு கிடையாது. எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி அடித்துப் படி கழுவுகிற கோயில்பிள்ளை வாளியும் துடைப்பமுமாகப் படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் மட்டும் கவலை:

"படியைக் கழுவற வேலையே இல்லாமப் பண்ணிப்போட்டீங்களேம்மா, ஆளு எதுக்குன்னு என்னை நிறுத்தீர மாட்டாங்களே?"

காட்டுமாடுகளின் தீர்ப்பு

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. பிரசங்கம் பாதியில் இருக்கும்போது வெளியே யாரோ, "காட்டுமாடு!" என்று கத்தினார்கள். இப்போதெல்லாம் எங்கள் பக்கம் காட்டுமாடு என்பது விருந்தாளி மாதிரி, சொல்லாமல்தான் வரும். ஏழெட்டு உருப்படிகள், கறுகறுவென்று, மேட்டுக்கு மேலே வந்து நின்றன. போதகர் கதவைச் சாத்தச் சொன்னார். சபை முழுவதும் ஜன்னலில். நான் நாற்காலிமேல் ஏறி நின்று பார்க்கிறேன். ஏழு மாசம் தாங்கின செடியை ஏழு நிமிஷத்தில் மேய்ந்துவிட்டுப் போனால் யாரிடம் போய்ச் சொல்வேன்?

முன்னால் வந்த பெரியது குனிந்து ஒரு வாய் கடித்தது. மென்றது. துப்பியது! நான் பொய் சொல்லவில்லை, நூறு பேர் பார்த்தார்கள். பிறகு ஏதோ விருந்தில் உப்பில்லாததைப் பரிமாறிவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிதானமாக மேட்டில் இறங்கியது. குளம்பு பட்ட இடத்தில் செடி மடங்கியது, மண் பெயரவில்லை. மற்றவையும் பின்னாலேயே இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்வீட்டு வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போயின. எதிர்வீடு தேவசகாயம் சாருடையது. சனிக்கிழமைதோறும் மெஷின் ஓட்டி, தலைவாரி வைத்த மாதிரி அவர் வைத்திருந்த கிக்குயூ லான். அத்தனையும் தலை குனிந்து மேய ஆரம்பித்தன. எனக்கே பாவமாக இருந்தது, சத்தியமாக. அடுத்த ஜன்னலில் நின்ற தேவசகாயம் சார், "ஐயோ, ஐயோ" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டம்மா மட்டும் அமைதியாகப் பாட்டுப்புத்தகத்தை மூடி வைத்தார்:

"விடுங்க, இந்தச் சனிக்கிழமை உங்களுக்கு மெஷின் ஓட்டற வேலை மிச்சம்."

சால்வை

ஜனவரிக் கூட்டத்துக்கு நான் தலை நிமிர்ந்துதான் போனேன். வழுக்கையெல்லாம் ஏறக்குறைய மூடிவிட்டது. பனி விழுந்து பள்ளத்தாக்கு முழுக்கப் பழுப்பாகக் கிடந்தபோது என் மேடு மட்டும் கரும்பச்சையாக இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். சங்கத்துப் பெண்கள் இருபது பேரும் முன் பெஞ்சுகளைப் பிடித்துவிட்டார்கள். மாரியாயி அக்கா என் பக்கத்தில்.

பொருளாளர் எழுந்தார். மேடு அருமையாக வந்திருக்கிறது, ஸ்டெல்லா அம்மாவின் உழைப்பை எத்தனை பாராட்டினாலும் தகும் என்றார். கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் மேலே சொன்னார்: மேட்டு வேலை நல்லபடி முடிந்துவிட்டதால், அம்மாவுக்கு ஒரு சால்வை போர்த்தி நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, நர்சரி இடத்தில் கார் நிறுத்த ஏற்பாடு பண்ணிவிடலாம். பையிலிருந்து சால்வையை எடுத்தே விட்டார். கத்தரிப்பூ நிறம், ஜரிகை பார்டர். தோற்றால் போக வேண்டும் என்பதுதான் சவால். ஜெயித்தாலும் போக வேண்டும் என்றால் என்ன நியாயம்? முன் பெஞ்சுகளில் குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி ஆகிவிட்டது. "என் நெரையை வுட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்லீங்க, ஸ்டெல்லா போனா அதை யாரு பாப்பாங்க?" என்று ராஜம்மாள் எழுந்து நிற்க, ஒருவர் பின் ஒருவராக இருபது பேரும் எழுந்து நின்றார்கள்.

அப்போது தேவசகாயம் சார் குடையை ஊன்றி எழுந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் மினிட்ஸ் நோட்டை வாங்கி, நான் அன்றைக்குச் சொன்னதைச் சத்தமாக வாசித்தார். "ஆகலைன்னா போயிடறேன்னு எழுதியிருக்கு. ஆச்சுன்னா என்னங்கறது எழுதலை. எழுதாம விட்டது என் தப்பு. நாற்காலி போட்டு உக்காந்து பாத்தவன் நான். ஆயிடுச்சு. முப்பது வருஷம் பசங்களுக்கு மார்க் போட்டிருக்கேன். பாஸானவனை எவனாவது பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே அனுப்புவானா?" என்று பொருளாளரைப் பார்த்துக் கேட்டார். குத்தகையை இன்னும் பத்து வருஷம் நீட்ட வேண்டும் என்று அவரே முன்மொழிந்தார். வழிமொழிய இருபது கைகள் ஒன்றாக உயர்ந்தன. நோட்டில் எழுதி, கையெழுத்தாகி, ஜெபமும் முடிந்தது. நான் வாய்விட்டு அழுதேன், இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்து. வெளியே வரும்போது சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மாடு மேய்ந்த தன் லானை ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா, அந்தச் செடி வெயிலில் வருமா என்று யாருக்கும் கேட்காத குரலில் விசாரித்தார். வெயிலுக்கு லிரியோப் வைத்துத் தருகிறேன் என்றேன்.

வாங்கின சால்வை வீணாகக் கூடாது என்று பொருளாளர் அதையும் என் தோளில் போர்த்திவிட்டார். நான் அந்தப் பெருமையோடே நர்சரிக்கு நடந்தேன். மாரியாயி அக்கா பின்னாலேயே வந்து, ஜரிகையை விட்டுவிட்டு நடுத்துணியை மட்டும் ரெண்டு விரலால் தேய்த்துக் கனம் பார்த்தார்:

"நல்ல கெட்டித் துணியாத்தான் இருக்கு, கழட்டு புள்ள, ராவைக்குப் பனி வுழும், புது நாத்துக்குப் போத்தி வுடுறேன்."

ஆக, பதினோரு வருஷம் செடி விற்றுக் கிடைக்காத மரியாதை எனக்கு ஒரே வருஷத்தில் ஒரு மேட்டால் கிடைத்தது. அந்த மரியாதை இப்போது நாலு கல்லைப் பாரமாக வைத்து நாற்றுப் பாத்தியின்மேல் விரித்துக் கிடக்கிறது.